பாதியில் நின்ற ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

தை அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஊருக்கு ஊர் டோர்னமென்ட் போஸ்டர் ஒட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கபடி, வாலிபால், டென்னிஸ் பந்து கிரிக்கெட். மேலே தலைவர்கள் படம், நடுவில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, நுழைவுக் கட்டணம். எல்லாவற்றுக்கும் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "கமிட்டியின் முடிவே இறுதியானது."

இந்த ஒரு வரிதான் அந்தப் போட்டியின் மொத்தச் சட்டப் புத்தகமும். இது எப்போது வேலைக்கு வரும்? ஆட்டம் ஒழுங்காக முடிந்தால் கமிட்டியை யார் தேடப் போகிறார்கள்! பாதியில் நின்றால்தான் தேடுவார்கள். ஆறு மணிக்கு மேல் பந்து தெரியாது. எல்.பி.டபிள்யூ தகராறில் ஒரு அணி ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பருவம் தப்பி மழை வரும். அடுத்த நாள் செமி ஃபைனல், பரிசு கொடுக்க எம்.எல்.ஏ. வருகிறார். பாதி ஆட்டத்தை வைத்துக்கொண்டு யாரை உள்ளே அனுப்புவது?

கோடிக்கணக்கில் பணம் புழங்கும் லீக்குகளும் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்களிடம் இருப்பது தடிமனான விதிப் புத்தகம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் புத்தகம் வளர்ந்த கதையைப் பார்த்தால், பாதி ஆட்டத்தை என்ன செய்வது என்பதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த வழிகள் மிகக் குறைவு என்று தெரிகிறது. நின்ற இடத்திலிருந்து தொடரலாம். அதுவரை நடந்ததை வைத்து மீதியைக் கணக்குப் போடலாம். நடந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆடலாம். அல்லது அந்த ஆட்டத்தையே விட்டுவிட்டு வேறு எதையாவது, பழைய வெற்றிகளையோ ஒரு நாணயத்தையோ, பார்க்கலாம். ஐந்தாவது வழி இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு காலத்தில் முடியும்வரை ஆடிப் பார்த்தார்கள். 1939 மார்ச் மாதம் டர்பனில் தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்டுக்கு நாள் கணக்கே கிடையாது. மார்ச் 3-ல் தொடங்கி 14 வரை போனது. இங்கிலாந்துக்கு இலக்கு 696. ஐந்து விக்கெட் இழப்புக்கு 654 எடுத்திருந்தபோது மழை வந்தது. இன்னும் 42 ரன்தான். ஆனால் அவர்களை ஊருக்குக் கூட்டிப்போகும் கப்பல் கேப்டவுனில் காத்திருந்தது. ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஆட்டத்தை டிரா என்று விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். காலவரையறை இல்லாத ஆட்டத்தையும் கப்பல் டிக்கெட் முடித்துவைத்தது!

டெஸ்டில் டிரா என்றால் இரண்டு பேரும் கைகுலுக்கிப் போய்விடலாம். நாக் அவுட்டில் அப்படிப் போக முடியாது, ஒருவர் அடுத்த சுற்றுக்குப் போயே ஆக வேண்டும். ரஞ்சிக் கோப்பையில் இதற்குக் கண்ட வழி முதல் இன்னிங்ஸ் முன்னிலை. நான்கு இன்னிங்ஸ் ஆட்டத்தில் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, யார் அதிகம் எடுத்தார்களோ அவர்களுக்கு வெற்றி.

இது எவ்வளவு மெல்லிய கோடு என்பதற்கு 2024-25 சீசனில் கேரளா போன பாதையே போதும். கால் இறுதியில் ஜம்மு காஷ்மீர் 280, கேரளா 281. ஆட்டம் டிரா, ஒரு ரன்னில் கேரளா உள்ளே. அகமதாபாத் அரை இறுதியில் கேரளா 457. குஜராத் 455-ல் இருக்கும்போது கடைசி ஆட்டக்காரர் ஓங்கி அடித்த பந்து, பக்கத்தில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி, ஸ்லிப்பில் நின்ற சச்சின் பேபியின் கைக்குப் போனது. இரண்டு ரன் முன்னிலை. கேரளாவுக்கு முதல் ரஞ்சி ஃபைனல். அந்த ஃபைனலும் டிரா! அங்கே விதர்பா 379, கேரளா 342. எந்த விதி இரண்டு முறை தூக்கிவிட்டதோ, அதே விதி மூன்றாவது முறை கோப்பையை எடுத்துக்கொண்டது. ஆனால் கேரளாவில் யாரும் விதி தவறு என்று கொடி பிடிக்கவில்லை. முதல் பந்து வீசும் முன்பே இரண்டு அணிக்கும் அது தெரியும், அதற்கேற்பத்தான் ஐந்து நாளும் ஆடினார்கள்.

முதல் இன்னிங்ஸே முடியாவிட்டால்? கால்பந்தில் ஆட்டம் முடிந்தும் முடிவு வராதபோது நாணயத்தைச் சுண்டியிருக்கிறார்கள். 1968 ஐரோப்பியக் கோப்பை அரை இறுதி, நேப்பிள்ஸ் நகரம், இத்தாலியும் சோவியத் யூனியனும் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 0-0. டாஸ் போட்டார்கள், இத்தாலி ஜெயித்தது, பிறகு கோப்பையையும் வென்றது. இரண்டு வருடத்தில் பெனால்டி ஷூட் அவுட் விதிக்குள் வந்துவிட்டது.

சோழ நாட்டுக்காரர்களுக்குச் சீட்டு எடுப்பது அநியாயமாகத் தோன்றக் கூடாது. உத்திரமேரூர் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறை அதுதானே? ஆனால் அங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குடத்துக்குள் ஓலை போவதற்கு முன்பே வயது, நிலம், கல்வி, கணக்குக் காட்டாதவரை விலக்குவது என்று எல்லாச் சல்லடையும் முடிந்துவிடும். தகுதி சமமானவர்களுக்குள்தான் அதிர்ஷ்டம். பாதி ஆட்டத்தில் ஒருவன் 100 ரன் எடுத்து முன்னால் நிற்கும்போது டாஸ் போட்டால் அது குடவோலை ஆகாது. நடந்து முடிந்த வேலையைக் குப்பையில் போடுவதாகத்தான் ஆகும்.

ஒரு நாள் ஆட்டம் வந்த பிறகு சிக்கல் அதிகமானது. 1992 மார்ச் 22, சிட்னி, உலகக் கோப்பை அரை இறுதி. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவை என்ற நிலையில் மழை. சுமார் பத்து நிமிடம்தான். திரும்பி வந்தபோது ஸ்கோர்போர்டு ஒரு பந்தில் 22 என்று காட்டியது. (சரியான கணக்கு 21. அதனால் என்ன ஆகப் போகிறது!) முதலில் ஆடிய அணியின் மிகக் குறைவாக ரன் எடுத்த ஓவர்களைக் கழிப்பது என்பது அன்றைய விதி. இங்கிலாந்தை நன்றாகக் கட்டிப்போட்டு வீசிய ஓவர்களே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகத் திரும்பின. நன்றாகப் பந்து வீசியதற்குத் தண்டனை.

இந்த விதியும் போட்டிக்கு முன்பே எழுதப்பட்டதுதான். எல்லா அணிக்கும் தெரிந்ததுதான். அதற்கு முன் இருந்த சராசரி ரன் விகிதக் கணக்கு இரண்டாவது ஆடுபவருக்குச் சாதகம் என்ற நல்லெண்ணத்தில்தான் இதைக் கொண்டுவந்தார்கள். அப்படியானால் முன்கூட்டியே சொல்லிவிட்டோம் என்பது மட்டும் போதாது. ஆடிய ஆட்டத்துக்கு மதிப்புப் போடவும் அந்த விதிக்குத் தெரிய வேண்டும்.

நான்கு வருடம் கழித்துக் கொல்கத்தா ஈடன் கார்டனில் நடந்தது வேறு வகை. 1996 மார்ச் 13, இலங்கையின் 251-ஐத் துரத்திய இந்தியா 120-க்கு 8 விக்கெட். ரசிகர்கள் பாட்டில் எறிந்தார்கள், இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள். மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாயிட் ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்தார். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டு வெளியேறிய காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆட்டத்தைக் கெடுத்தவர் பக்கம் லாபம் போகக் கூடாது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை, இந்தியர்களுக்குமே இல்லை.

மழைக்குத்தான் பக்கம் கிடையாது. சிட்னி அவமானத்துக்குப் பிறகு ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் போட்ட கணக்கு, 1997 ஜனவரி 1 அன்று ஹராரேயில் ஜிம்பாப்வே - இங்கிலாந்து ஆட்டத்தில் முதலில் பயன்பட்டது. மிச்சமிருக்கும் ஓவரும் கையிலிருக்கும் விக்கெட்டும் சேர்ந்ததுதான் ஒரு அணியின் முதல் என்றார்கள். எவ்வளவு முதலைச் செலவழித்து எவ்வளவு எடுத்திருக்கிறாய் என்று பார்ப்பது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு வருடத்தில் முடிய வேண்டிய பாலத்தை மார்ச் 31 அன்று பாதியில் வைத்துக்கொண்டு லாபத்தை எப்படிக் காட்டுவது? பாலம் முடியும்வரை ஒரு பைசா லாபமும் காட்ட மாட்டேன் என்பது பழைய முறைகளில் ஒன்று. முடிந்த வேலையின் சதவீதத்துக்கு ஏற்பக் காட்டு என்பது இன்னொன்று. கட்டுமான ஒப்பந்தங்களுக்கான இந்தியக் கணக்கு நெறிமுறை 7, 2002-ல் திருத்தப்பட்டபோது முதல் முறையைத் தூக்கிவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டது. டக்வொர்த்-லூயிஸ் செய்தது அதேதான்.

டெல்டா விவசாயிக்கும் இது தெரிந்த கதை. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், சம்பா வயலில் நிற்கும்போதே பெரிய சேதம் வந்து, எதிர்பார்க்கும் மகசூல் வழக்கத்தில் பாதிக்குக் கீழே போகும் என்று கண்டால், வரப்போகும் இழப்பீட்டில் 25 சதவீதம் வரை முன்கூட்டியே கொடுக்க இடமுண்டு. கதிர் முற்றாத பயிருக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொள்ளும் விதி அது. (பணம் எப்போது வரும் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

இந்திய உள்நாட்டுப் போட்டிகளில் டக்வொர்த்-லூயிஸுக்குப் பதிலாக நம் பக்கத்துக்காரர் ஒருவரின் முறை வந்தது. திருச்சூரைச் சேர்ந்த பொறியாளர் வி.ஜெயதேவன் உருவாக்கிய வி.ஜே.டி. முறை. ஐ.சி.சி. அதை ஏற்கவில்லை, ஆனால் இந்திய வாரியம் எடுத்துக்கொண்டது. எந்த முறையானாலும் ஒரு வாசல் உண்டு. 50 ஓவர் ஆட்டத்தில் இரண்டாவது அணி குறைந்தது 20 ஓவராவது ஆடியிருக்க வேண்டும். டி20-யில் 5 ஓவர். அதற்குக் கீழே என்றால் கணக்குப் போடவே மாட்டார்கள், ஆட்டம் நடக்கவில்லை என்று அர்த்தம்.

அந்த வாசலுக்கு வெளியே என்ன நடக்கும் என்பதுதான் தமிழ்நாட்டு ரசிகர்கள் கொஞ்சம் நேர்மையாக யோசிக்க வேண்டிய இடம்.

2019 அக்டோபர் 21. விஜய் ஹசாரே கோப்பைக் கால் இறுதிகள், பெங்களூரு. தமிழ்நாடும் பஞ்சாபும். மழையால் குறைக்கப்பட்ட ஆட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 39 ஓவரில் இலக்கு 195. தமிழ்நாடு 12.2 ஓவரில் 52-க்கு 2 விக்கெட் என்று இருந்தபோது மறுபடி மழை. 20 ஓவர் ஆகவில்லை. ஆட்டம் ரத்து. ரிசர்வ் நாள் கிடையாது. விதிப்படி லீக் சுற்றில் அதிக வெற்றி பெற்ற அணி உள்ளே. தமிழ்நாடு 9, பஞ்சாப் 5. தமிழ்நாடு அரை இறுதிக்குப் போனது.

அதே நாளில் அங்கேயே இன்னொரு கால் இறுதி. சத்தீஸ்கர் 190 எடுத்தது. மும்பை 11.3 ஓவரில் விக்கெட் இழப்பின்றி 95. சில நாட்களுக்கு முன்தான் இரட்டைச் சதம் அடித்திருந்த 17 வயது யஷஸ்வி ஜெய்ஸ்வால் 60 நாட் அவுட். இன்னும் எட்டரை ஓவர் ஆடியிருந்தால் முடிந்த கதை. மழை விடவில்லை. லீக் வெற்றிகளில் சத்தீஸ்கர் 5, மும்பை 4. மும்பை வீட்டுக்கு.

யுவராஜ் சிங்கும் ஹர்பஜன் சிங்கும் ட்விட்டரில் கொதித்தார்கள். நாக் அவுட்டுக்கு ஏன் ரிசர்வ் நாள் இல்லை, உள்நாட்டுப் போட்டி என்றால் இளக்காரமா என்று யுவராஜ் கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. மூன்றே மாதத்துக்கு முன், ஜூலை 9 அன்று மான்செஸ்டரில் உலகக் கோப்பை அரை இறுதி மழையில் நின்றபோது, நியூசிலாந்து 46.1 ஓவரில் 211-க்கு 5 என்ற இடத்திலிருந்தே மறுநாள் தொடர்ந்தார்கள். இந்தியா 18 ரன்னில் தோற்றது. வயிறு எரிந்தாலும் யாரும் அது முடியாத ஆட்டம் என்று சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுக்காரர்கள் அன்று சொன்ன பதில், லீக்கில் ஒன்பதுக்கு ஒன்பது ஜெயித்த அணி போவதில் என்ன தப்பு என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 9-ஐயும் 5-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியுமா? தமிழ்நாடு இருந்த சி பிரிவில் 10 அணிகள். ஆளுக்கு 9 ஆட்டம். ஏ, பி பிரிவுகளில் 9 அணிகள், ஆளுக்கு 8 ஆட்டம்தான். எல்லாவற்றையும் ஜெயித்தாலும் பஞ்சாபால் 9 எடுத்திருக்கவே முடியாது! சி பிரிவு ஆட்டங்கள் ஜெய்ப்பூரில் நடந்தன. ஏ பிரிவு பெங்களூரிலும் பி பிரிவு வடோதராவிலும். இந்த இரண்டு ஊர்களிலும் தொடக்க நாட்களிலேயே ஆட்டங்கள் மழையில் போயின. மழையில் போன ஆட்டத்துக்குப் புள்ளி பாதி கிடைக்கும், வெற்றி கிடைக்காது. அதாவது முதல் சுற்றில் மழையில் இழந்தவனுக்கு, நாக் அவுட்டில் மழை வந்தபோது அந்தப் பழைய மழை மறுபடியும் எதிராகக் கணக்கில் வந்தது. சத்தீஸ்கரும் மும்பையும் ஒரே பிரிவு என்பதால் அவர்களுக்குள் இந்த ஒப்பீடு ஓரளவு சரி. பஞ்சாபுக்கும் தமிழ்நாட்டுக்கும் அப்படி இல்லை. எண்ணிக்கையைப் பார்க்காமல் விகிதத்தைப் பார்த்திருந்தாலும் தமிழ்நாடுதான் போயிருக்கும், நூறு சதவீதம் என்பது நூறு சதவீதம்தான். முடிவு சரி, போன வழி கோணல் என்று வைத்துக்கொள்ளலாம்.

மழை தமிழ்நாட்டை அங்கேயே விட்டுவிடவில்லை. அரை இறுதியில் குஜராத்தை வென்று ஃபைனலுக்குப் போனார்கள். அக்டோபர் 25, சின்னசாமி ஸ்டேடியம், எதிரே கர்நாடகா. தமிழ்நாடு 252. அபிமன்யு மிதுன் தன் பிறந்த நாளில் ஹாட்ரிக் எடுத்தார். கர்நாடகா 23 ஓவரில் ஒரு விக்கெட்டுக்கு 146 என்று இருந்தபோது மழை. இந்த முறை 20 ஓவர் தாண்டிவிட்டது. வி.ஜே.டி. கணக்குப்படி 60 ரன் வித்தியாசத்தில் கர்நாடகாவுக்குக் கோப்பை. கால் இறுதியில் 12.2 ஓவர், ஃபைனலில் 23 ஓவர். வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம்.

தமிழ்நாடு பிரீமியர் லீக்கிலும் இப்படி ஒரு ஃபைனல் உண்டு. 2022 ஜூலை 31, கோயம்புத்தூர். லைகா கோவை கிங்ஸ் 17 ஓவரில் 138. சேப்பாக் சூப்பர் கில்லீஸ் 4 ஓவரில் 14-க்கு 2. மழை. இன்னும் ஒரே ஒரு ஓவர் ஆகியிருந்தால் கோவைக்குக் கோப்பை. ஆகவில்லை, இரண்டு அணியும் சாம்பியன் என்று அறிவித்தார்கள். ஃபைனலில் இப்படிப் பங்கு போடலாம், அதற்குப் பிறகு சுற்று எதுவும் இல்லையே. பிளே ஆஃபுக்கு முந்தைய ஆட்டத்தில் இந்தத் தாராளத்துக்கு இடமில்லை. ஒருவருக்கு ஒரு புள்ளி கூடக் கொடுத்தால் மூன்றாவது ஊரில் இருக்கும் நான்காவது அணியின் இடம் போகும். பாதி ஆட்டத்தின் பாதிப்பு ஆடிய இரண்டு பேரோடு நிற்பதில்லை.

2023 ஆசியக் கோப்பையில் அதுதான் விவகாரமானது. கொழும்பில் சூப்பர் ஃபோர் ஆட்டங்கள் மழையில் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். போட்டி நடந்துகொண்டிருக்கும்போது, செப்டம்பர் 10-ம் தேதி இந்தியா - பாகிஸ்தான் ஆட்டத்துக்கு மட்டும் ரிசர்வ் நாள் என்று அறிவித்தார்கள். மற்ற சூப்பர் ஃபோர் ஆட்டங்களுக்குக் கிடையாது. இலங்கை, வங்கதேசப் பயிற்சியாளர்களே ஆச்சரியப்பட்டார்கள். அந்தந்த வாரியங்கள் எங்களைக் கேட்டுத்தான் செய்தார்கள் என்று பிறகு சமாதானம் சொன்னார்கள். சொன்னபடியே மழை வந்தது. இந்தியா 24.1 ஓவரில் 147-க்கு 2 என்ற இடத்திலிருந்து மறுநாள் தொடர்ந்து 356 எடுத்து 228 ரன்னில் ஜெயித்தது. ரிசர்வ் நாள் நல்ல விஷயம்தான். அதை விளம்பரம் அதிகம் வரும் ஆட்டத்துக்கு மட்டும் கொடுத்ததில்தான் கோளாறு. ஊர் கமிட்டி இதைச் செய்திருந்தால் ஸ்டம்பைப் பிடுங்கியிருப்பார்கள்.

கால்பந்தில் அதே வருடம் டிசம்பரில் ஒரே வாரத்துக்குள் இரண்டு நாடுகள் இதே கேள்விக்கு நேர் எதிரான பதில் சொன்னன. ஸ்பெயினில் கிரனாடாவும் அத்லெடிக் பில்பாவோவும் ஆடியபோது, கேலரியில் ஒரு ரசிகர் இறந்ததால் ஆட்டம் முதல் பாதியிலேயே நின்றது. பில்பாவோ 1-0 முன்னிலை. மறுநாள் நின்ற நிமிடத்திலிருந்து தொடர்ந்தார்கள், 1-1 என்று முடிந்தது. இங்கிலாந்தில் டிசம்பர் 16 அன்று போர்ன்மத் - லூட்டன் ஆட்டத்தில் லூட்டன் கேப்டன் டாம் லாக்யர் இதயத் துடிப்பு நின்று மைதானத்திலேயே விழுந்தார் (பிழைத்துக்கொண்டார்). 59-வது நிமிடம், 1-1. அதை அப்படியே அழித்துவிட்டு மார்ச் மாதம் 90 நிமிடமும் புதிதாக ஆடினார்கள். லூட்டன் 3-0 என்று முன்னே போய், 4-3 என்று தோற்றது. அந்த சீசனில் கீழ் டிவிஷனுக்கும் இறங்கியது. எது நியாயம்? இரண்டு நாட்டிலும் இரண்டையும் குறை சொல்லலாம். ஆனால் எந்த நாட்டிலும் அந்த ஒரு ஆட்டத்துக்காக மட்டும் தனி விதி கண்டுபிடிக்கவில்லை.

இனி தர்மசாலா.

2025 மே 8, ஐ.பி.எல். பஞ்சாப் கிங்ஸும் டெல்லி கேபிடல்ஸும். பஞ்சாபுக்கு 11 ஆட்டத்தில் 15 புள்ளி, டெல்லிக்கு 11-ல் 13. இரண்டு பேருக்குமே பிளே ஆஃப் கைக்கெட்டும் தூரம். மழையால் தாமதமாகத் தொடங்கிய ஆட்டத்தில் பிரியான்ஷ் ஆர்யாவும் பிரப்சிம்ரன் சிங்கும் டெல்லியைப் புரட்டி எடுத்தார்கள். ஆர்யா 34 பந்தில் 70. பதினோராவது ஓவரின் முதல் பந்தில் அவரை அவுட்டாக்கியவர் நம் சேலத்துக்காரர், சின்னப்பம்பட்டி நடராஜன். 10.1 ஓவரில் 122-க்கு 1. பிரப்சிம்ரன் 50 நாட் அவுட். அப்போது விளக்குகள் அணைய ஆரம்பித்தன. இந்தியா - பாகிஸ்தான் மோதல் உச்சத்தில் இருந்த இரவு அது. ரசிகர்களை வெளியேற்றினார்கள், வீரர்களை மறுநாள் சாலை வழியாகவும் சிறப்பு ரயிலிலும் டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். ஐ.பி.எல். ஒரு வாரம் நிறுத்தப்பட்டது.

மே 17 மறுபடி தொடங்கும் என்று அறிவிப்பு வந்தபோது எல்லோரும் தேடியது இந்த ஆட்டத்தைத்தான். சாதாரண மழை என்றால் ஆளுக்கு ஒரு புள்ளி, பேச்சே இல்லை. இது மழையல்ல. 122-க்கு 1 என்ற இடத்திலிருந்து தொடரலாம் என்றால், மைதானம் வேறு, பிட்ச் வேறு, ஆட்களும் வேறு. டெல்லியின் மிட்செல் ஸ்டார்க் ஆஸ்திரேலியா போனவர் திரும்பவில்லை. வாரியம் மூன்றாவது வழியை எடுத்தது. மே 24, ஜெய்ப்பூர், டாஸிலிருந்து எல்லாம் புதிதாக.

இது நியாயமா? பஞ்சாப் பக்கமிருந்து பார்த்தால், பத்து ஓவரில் 122 என்பது முக்கால் வெற்றி, அதை ரப்பர் வைத்து அழித்துவிட்டார்கள். மறுபக்கம், ஆட்டம் நின்றதற்கு டெல்லி காரணமில்லை, அவர்கள் ஒரு பந்தும் ஆடவில்லை. இரண்டு இன்னிங்ஸில் ஒன்றில் பாதிதான் நடந்தது என்னும்போது, ஒரு புள்ளியைப் பிச்சை போடுவதைவிட முழு ஆட்டம் தருவது மேல் என்றுதான் தோன்றுகிறது. அதிலும் ஓர் உறுத்தல் உண்டு. இடைப்பட்ட நாட்களில் டெல்லி குஜராத்திடமும் மும்பையிடமும் தோற்று பிளே ஆஃபிலிருந்தே வெளியேறிவிட்டது. மே 8-ல் இரண்டு பேருக்கும் உயிர்ப்பிரச்சனையாக இருந்த ஆட்டம், மே 24-ல் ஒருவருக்கு மட்டும் முக்கியமான ஆட்டமாக மாறிவிட்டது. அழித்து ஆடினாலும் அதே ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவர முடிவதில்லை.

இதைவிடப் பெரிய உறுத்தல் கொல்கத்தாவுக்கு. மே 17 அன்று பெங்களூரில் அவர்கள் ஆட்டம் ஒரு பந்துகூட வீசாமல் மழையில் போய், அவர்கள் வெளியேறினார்கள். மூன்று நாள் கழித்து, மழைக்காகக் காத்திருக்கும் கூடுதல் நேரத்தை ஒரு மணியிலிருந்து இரண்டு மணியாக வாரியம் உயர்த்தியது. அன்றைக்கே இது இருந்திருந்தால் ஐந்து ஓவராவது ஆடியிருக்கலாமே என்று கொல்கத்தா நிர்வாகம் ஆட்சேபித்தது. விதியை நடுவில் மாற்றுவதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு, நல்ல மாற்றமாக இருந்தாலும்.

ஜெய்ப்பூரில் டெல்லிக்கு எந்தப் பதற்றமும் இல்லை. பஞ்சாப் 206, டெல்லி மூன்று பந்து மிச்சம் வைத்து 208. சமீர் ரிஸ்வி 25 பந்தில் 58 நாட் அவுட். மே 26 அன்று மும்பையிடமும் தோற்றிருந்தால் பஞ்சாப் முதல் இரண்டு இடத்தை இழந்திருக்கும். ஜெயித்தது, 19 புள்ளியோடு பட்டியலில் முதலிடம். ஃபைனலில் பெங்களூரிடம் 6 ரன்னில் தோற்றது, அது வேறு விஷயம்.

அந்த சீசன் புள்ளிவிவரத்தில் பஞ்சாபுக்கு 14 லீக் ஆட்டம், 3 பிளே ஆஃப், மொத்தம் 17. தர்மசாலா இரவு அதில் இல்லை. ஆர்யாவின் 475 ரன்களில் அந்த 70 சேரவில்லை. பிரப்சிம்ரனின் அரைச் சதமும் இல்லை. விளக்கு அணைவதற்குச் சற்று முன் நடராஜன் எடுத்த அந்த விக்கெட்டும் அவர் கணக்கில் ஏறவில்லை.